அமெரிக்கா ஏன் மேற்கே மேற்கே என்று போய்க்கொண்டே இருந்தது?

வைகைக்கரை:

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் உலக வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். அமெரிக்காவின் மேற்கு விரிவாக்கம் பற்றிக் கையேடுகளில் ஒரே பதில்தான் இருக்கிறது: மேனிஃபெஸ்ட் டெஸ்டினி. கண்டம் முழுவதையும் கடவுளே தங்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று நம்பினார்கள், அதனால் போனார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இது ஒட்டவே இல்லை. அந்தச் சொற்கள் அச்சில் வந்தது 1845-ல். டெக்சாஸை இணைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜான் ஓ'சல்லிவன் என்ற பத்திரிகை ஆசிரியர் எழுதிய கட்டுரையில். ஆனால் லூசியானாவை வாங்கியது 1803. செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை ஊரைவிட்டுத் துரத்தியது 1838. பெயர் வைப்பதற்கு முன்பே இன்றைய நாட்டில் கிட்டத்தட்டப் பாதி கைக்கு வந்துவிட்டது. 1783-ல் மிசிசிப்பி ஆற்றோடு நின்ற எல்லை 1846-ல் பசிபிக் கடலைத் தொடுகிறது. இவ்வளவு வேகத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை மட்டும் இருந்திருக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கல்நட்டான்:

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் அவர்கள் நிலத்தை அளந்த விதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பிரிட்டனோடு நடந்த விடுதலைப் போர் முடிந்த சமயத்தில் புதிய நாட்டின் கையில் காசு இல்லை. வீரர்களுக்குச் சம்பள பாக்கி. பிரான்சுக்கும் டச்சு வங்கிகளுக்கும் கடன். காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரம்கூட அப்போது கிடையாது. இருந்த ஒரே சொத்து அப்பலாச்சியன் மலைக்கு அந்தப் பக்கத்து நிலம். அங்கே ஷானி, மயாமி, டெலவேர் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1783 பாரிஸ் உடன்படிக்கையில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

1785-ல் ஒரு நிலச் சட்டம் போட்டார்கள். 6 மைலுக்கு 6 மைல் என்று சதுரம் சதுரமாகப் பிரிப்பது. ஒவ்வொரு சதுரத்திலும் 36 கட்டம். ஒரு கட்டம் 1 சதுர மைல், அதாவது 640 ஏக்கர். 16-ஆம் கட்டம் பள்ளிக்கூடத்துக்கு. மற்றதில் பெரும்பகுதி ஏலம், ஏக்கருக்குக் குறைந்தது 1 டாலர். அளந்தது கண்டர் சங்கிலியால்: நீளம் 66 அடி, 100 கண்ணி. 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம் பக்கத்து சர்வேயர்களும் அதே சங்கிலியை இழுத்தவர்கள்தான். ஆனால் இங்கே ரயத்துவாரி அளவையில் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவரின் வரப்பை ஒட்டித்தான் கோடு போகும். வாய்க்கால் வளைந்தால் புலப்படத்திலும் வளையும். ஒஹாயோவில் அப்படி இல்லை. ஆறு, மேடு, காடு, ஏற்கெனவே இருந்த ஊர் எதையும் பொருட்படுத்தாமல் நேர்க்கோடு.

அது ஏன் என்று யோசித்தால் நோக்கம் புரியும். இப்படிக் கட்டம் போட்டுவிட்டால் நிலத்தைப் பார்க்காமலேயே, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவர் வாங்கி இன்னொருவருக்கு விற்கலாம். பூர்வகுடிகளிடம் வாங்கும் உரிமை அரசுக்கு மட்டும்தான். 1823-ல் ஜான்சன் எதிர் மெக்கின்டாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதை உறுதிப்படுத்தியது: அவர்களுக்கு அனுபவ பாத்தியதை உண்டு, யாருக்கு வேண்டுமானாலும் விற்கும் உரிமை கிடையாது என்று. வாங்குபவர் ஒரே ஆள் என்றால் விலையை யார் வைப்பார்? அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கி, கட்டம் போட்டு, ஏலம் விட்டார்கள். அமெரிக்க அரசுக்கு மேற்கு என்பது முதலில் ஒரு சரக்கு.

ஒத்தையடிப்பாதை:

கல்நட்டான் ஐயா சொன்ன அளவைக் கதை அருமை. ஆனால் அரசின் கல்லாப்பெட்டிதான் காரணம் என்பதை நான் ஏற்க மாட்டேன். 1789-க்குப் பிறகு கூட்டாட்சி வருமானத்தில் பெரும்பங்கு துறைமுகச் சுங்கம். நில விற்பனை அதைத் தாண்டியது 1836-ல்தான், அதுவும் நில ஊக வணிகம் தலைவிரித்து ஆடிய நேரத்தில்.

உண்மையில் அரசுக்கு முன்னால் ஜனங்கள் போய்விட்டார்கள். 1763-லேயே பிரிட்டிஷ் மன்னர் அப்பலாச்சியன் மலையைக் கோடாகக் கிழித்து, இதைத் தாண்டிக் குடியேறாதே என்றார். யார் கேட்டார்கள்? ஜார்ஜ் வாஷிங்டனே அந்தக் கோட்டுக்கு அப்பால் நல்ல நிலமாகப் பார்த்து வைக்க ஆள் அனுப்பியவர். 1785-ல் ஒஹாயோ கரையில் அத்துமீறிக் குடியேறியவர்களின் மரக்குடில்களை அரசுப் படைத் தளபதி ஹார்மரின் சிப்பாய்கள் கொளுத்தினார்கள். சிப்பாய்கள் திரும்பிப் போனதும் அதே ஆட்கள் அதே இடத்தில் மறுபடி குடில் கட்டினார்கள். தன் சொந்தக் குடிமக்களைத் தடுக்க முடியாத அரசு அது.

தள்ளியது என்ன? வர்ஜீனியாவில் புகையிலை போட்டுப் போட்டு மண் செத்துவிட்டது. நியூ இங்கிலாந்தில் கல்லாங்காடு. வீட்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள், பாகம் பிரித்தால் யாருக்கும் பத்தாது. 1790-ல் 39 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1850-ல் 2.3 கோடி. 1820-ல் விலையை ஏக்கருக்கு 1.25 டாலராகக் குறைத்து, 80 ஏக்கர் வாங்கினாலே போதும் என்று ஆக்கினார்கள். 100 டாலருக்கு ஒரு பண்ணை. 1841-ல் அத்துமீறிக் குடியேறியவருக்கே முதலில் வாங்கும் உரிமை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டம் ஜனங்களின் பின்னால் ஓடியது.

துறைமுகத்தான்:

லூசியானாவை விட்டுவிட்டீர்களே. அங்கே பசி நிலத்துக்கு இல்லை, ஒரு துறைமுகத்துக்கு.

கென்டக்கி, டென்னசி, ஒஹாயோ விவசாயிகளின் மாவு, பன்றி இறைச்சி, விஸ்கி எல்லாம் மலை ஏறிக் கிழக்கே போக வழியில்லை. ஆற்றோடு போய் நியூ ஆர்லியன்சில் கப்பல் ஏற வேண்டும். 1795-ல் ஸ்பெயினோடு செய்த ஒப்பந்தப்படி அங்கே சரக்கை இறக்கி வைக்கும் உரிமை இருந்தது. 1802 அக்டோபரில் அங்கிருந்த ஸ்பானிய அதிகாரி அதை நிறுத்தினார். அதற்கு முன்பே ஸ்பெயின் அந்தப் பிரதேசத்தை ரகசியமாக நெப்போலியனுக்குக் கொடுத்துவிட்டது என்ற சேதி வேறு. மேற்கே இருந்தவர்கள் துப்பாக்கியைத் தூக்கத் தயாரானார்கள். அதிபர் ஜெஃபர்சன் பயந்தது இதற்குத்தான்: ஆற்று வாயில் பிரான்ஸ் உட்கார்ந்தால், மலைக்கு மேற்கே இருக்கும் அமெரிக்கர்கள் நாளைக்கு யாரோடு சேருவார்கள்? புது நாடு உடைந்துவிடும்.

அவர் தூதர்களை அனுப்பியது நியூ ஆர்லியன்சையும் ஃப்ளோரிடாவையும் கேட்கத்தான். முழு லூசியானாவையும் நீட்டியவர் நெப்போலியன். காரணம் ஹைட்டி. அப்போது பிரான்சின் கையில் சான் டொமிங் என்ற பெயரில் இருந்த அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்து, அவர் மைத்துனர் லெக்லெர்க் கொண்டுபோன படையைப் போரிலும் மஞ்சள் காய்ச்சலிலும் அழித்துவிட்டார்கள். லெக்லெர்க்கும் அங்கேயே செத்தார். கரும்புத் தீவு கைவிட்டுப் போனபின் அதற்குச் சோறு போடும் லூசியானா எதற்கு? 1.5 கோடி டாலருக்கு 8,28,000 சதுர மைல். கடன் பத்திரங்களை விற்றுக் கொடுத்தவை லண்டன் பேரிங்ஸும் ஆம்ஸ்டர்டாம் ஹோப்பும். பேரிங்ஸ் வங்கியின் பிரான்சிஸ் பேரிங் யார் தெரியுமா? 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்தவர்.

மனதை உறுத்துவது வேறொன்று. அமெரிக்காவின் பரப்பை இரட்டிப்பாக்கிக் கொடுத்தது அந்த அடிமைகளின் போராட்டம். அவர்கள் நிறுவிய ஹைட்டி நாட்டை அமெரிக்கா அங்கீகரித்தது 1862-ல். கிட்டத்தட்ட 60 வருடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

பருத்திப்பூ:

இதுவரை எழுதிய மூவருமே பருத்தியைத் தொடவில்லை. 1800-க்குப் பிறகு தெற்கில் மேற்கு நோக்கிய ஒவ்வொரு அடியும் பருத்திக்காக வைத்ததுதான் என்பது என் உறுதியான கருத்து.

எலி விட்னியின் பருத்தி அரவை இயந்திரம் 1793. அதுவரை குட்டை இழைப் பருத்தியில் விதையைக் கையால் பிரிக்க ஒரு ஆளுக்கு ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு தேறுவதே பாடு. இயந்திரம் வந்ததும் உள்நாட்டு மண்ணெல்லாம் பருத்தி மண் ஆனது. ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி என்று நகர்ந்தார்கள். அலபாமாவின் கறுப்பு மண் பட்டை அப்போது பூர்வகுடிகள் கையில். மான்செஸ்டர் ஆலைகள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கின. அமெரிக்கப் பருத்தியையே நம்பியிருக்கக் கூடாது என்று கம்பெனி ஆட்சி 1840-களில் கோயம்புத்தூரில் ராபர்ட் வைட் மேற்பார்வையில் அமெரிக்க விதையைப் போட்டுப் பார்த்தது என்றால் அதன் பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்திருக்கும் என்று பாருங்கள்.

1808-ல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடையானது. ஆனால் நாட்டுக்குள்ளேயே வர்ஜீனியாவிலிருந்தும் மேரிலாந்திலிருந்தும் சுமார் 10 லட்சம் பேரைத் தெற்குக்கும் மேற்குக்கும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலானவர்கள் விற்கப்பட்டுப் போனவர்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-ல் 40 லட்சத்தை நெருங்கினார்கள். ஒத்தையடிப்பாதை சொல்லும் 'ஜனங்கள்' கணக்கில் இவர்கள் இருக்கிறார்களா? இவர்களும் மேற்கே போனவர்கள்தான், கால் விலங்கோடு.

செரோக்கி கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'நாகரிகம் இல்லாதவர்கள், அதனால் அகற்றினோம்' என்ற சாக்கு அங்கேதான் முழுதாக உடைகிறது. செக்கோயா என்பவர் தன் மொழிக்கு எழுத்து கண்டுபிடித்து 1821-ல் முடித்தார். 1827-ல் அரசியலமைப்பு எழுதினார்கள். 1828-ல் சொந்த மொழியில் பத்திரிகை. வீடு, பண்ணை, அரவை ஆலை எல்லாம் இருந்தது. அடுத்த வருடம் அவர்கள் நிலத்தில் தங்கம் கிடைத்தது. 1830-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் வெளியேற்றச் சட்டம் கீழவையில் 102-க்கு 97 என்று தப்பிப் பிழைத்தது. ஐந்தே ஓட்டு வித்தியாசம். வேண்டாம் என்று சொன்னவர்கள் அன்றைக்கே ஏராளம் இருந்தார்கள்.

ஜார்ஜியா மாநிலம் செரோக்கி நிலத்தைக் குலுக்கல் சீட்டு போட்டு வெள்ளையர்களுக்குக் கொடுத்தது. 1832-ல் உச்ச நீதிமன்றம், அங்கே ஜார்ஜியா சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அமல்படுத்த யாரும் இல்லை. 1835-ல் ஒரு சிறு கூட்டத்திடம் கையெழுத்து வாங்கி உடன்படிக்கை என்றார்கள். தலைவர் ஜான் ராஸ் கையெழுத்துப் போடவில்லை. 15,000-க்கு மேற்பட்டவர்கள் கையொப்பமிட்ட எதிர்ப்பு மனு வாஷிங்டனுக்குப் போனது. பயன் இல்லை. 1838 கோடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக்கூட வீட்டிலிருந்து இழுத்துப் பட்டியில் அடைத்து ஓக்லஹோமாவுக்கு நடத்தினார்கள். சுமார் 16,000 பேரில் ஏறத்தாழ 4,000 பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

டெக்சாஸும் இதே கதைதான். அப்போது அது மெக்சிகோவின் பகுதி. மெக்சிகோ 1829-ல் அடிமைமுறையை ஒழித்தது. அங்கே குடியேறிய தெற்கத்தியர்கள் 1836-ல் பிரிந்தார்கள். மற்ற குறைகளும் அவர்களுக்கு இருந்தன. ஆனால் புதுக் குடியரசின் அரசியலமைப்பில் அடிமைமுறையைப் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள்.

வைகைக்கரை:

பருத்திப்பூ, நன்றி. இதை அப்படியே வகுப்பில் சொல்லப் போகிறேன். ஒரு சந்தேகம்: அடிமைமுறைதான் இயந்திரம் என்றால் வடக்கு மாநிலங்கள் ஏன் கூட ஓடின?

ஒத்தையடிப்பாதை:

ஓடினார்கள், ஆனால் வேறு கனவோடு. அடிமை இல்லாத, தன் கையால் உழும் குடும்பங்களின் மேற்கு அவர்களுக்கு வேண்டும். 1787 சட்டம் ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே அடிமைமுறையைத் தடை செய்தது. 1846-ல் மெக்சிகோவிடமிருந்து எதை எடுத்தாலும் அங்கே அடிமைமுறை கூடாது என்று வில்மாட் என்ற காங்கிரஸ் உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கீழவையில் வென்றது, செனட்டில் செத்தது. இலவச நில மசோதாவை 1860-ல் அதிபர் புக்கனன் வீட்டோ செய்தார். தெற்குக்கு அது பிடிக்கவில்லை. தெற்கு பிரிந்து போய் நாற்காலிகள் காலியான பிறகு 1862-ல் ஹோம்ஸ்டெட் சட்டம் எளிதாக நிறைவேறியது: 160 ஏக்கர், 5 வருடம் குடியிருந்து உழுதால் சொந்தம். இரண்டு பக்கமும் மேற்கைக் கேட்டது, ஒருவரை ஒருவர் முந்துவதற்காக. அந்தப் போட்டியே வேகத்துக்குப் பாதிக் காரணம்.

துறைமுகத்தான்:

மெக்சிகோப் போரில் என் பழைய வாதத்துக்கே திரும்புகிறேன். அதிபர் ஜேம்ஸ் போல்க் வரைபடத்தில் பார்த்தது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை. 1844-ல்தான் சீனாவோடு வாங்ஷியா வணிக ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். திமிங்கல வேட்டைக் கப்பல்கள் பசிபிக் முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தன. 1845-ல் ஸ்லைடெல் என்ற தூதரிடம் கலிபோர்னியாவுக்கு 2.5 கோடி டாலர் வரை பேசச் சொல்லி அனுப்பினார். மெக்சிகோ அவரை ஏற்கவே இல்லை. உடனே ரியோ கிராண்டே கரைக்குப் படை, யாருடையது என்று முடிவாகாத நிலத்துக்கு. 1846 மே 9 அன்று போர் அறிவிக்கக் கேட்டுக் காங்கிரசுக்குச் செய்தி அனுப்புவது என்று அமைச்சரவையில் முடிவு செய்துவிட்டார்கள். துப்பாக்கிச் சூடு நடந்த தகவல் வாஷிங்டனுக்கு வந்தது அன்று மாலை!

அதே வருடம் ஆரெகன் விஷயத்தில் பிரிட்டனோடு 49-ஆம் அட்சக்கோட்டில் சமாதானம். பலசாலியிடம் பேச்சு, நோஞ்சானிடம் படை. டெக்சாஸையும் சேர்த்தால் 1848-க்குள் மெக்சிகோ பாதிக்கு மேல் நிலத்தை இழந்தது. தங்கத்துக்காகத்தான் எடுத்தார்கள் என்று பலர் சொல்வார்கள், அது தவறு. தங்கம் கிடைத்தது ஜனவரி 24, உடன்படிக்கை பிப்ரவரி 2. கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது தெரியாது. தங்கம் வந்த பிறகு நடந்ததுதான் கொடுமை: கலிபோர்னியாவில் சுமார் 1,50,000 ஆக இருந்த பூர்வகுடிகள் 1870 வாக்கில் 30,000 பேர்தான்.

அந்தப் போரில் சண்டையிட்ட, பின்னாளில் அதிபரான யுலிசஸ் கிராண்ட் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் அதை அநியாயமான போர் என்றே எழுதினார். புதுமுக உறுப்பினர் லிங்கன், ரத்தம் சிந்திய அந்த இடம் எந்த மண் என்று காட்டுங்கள் என்று கேட்டார். அடிமைமுறைக்கும் இந்தப் போருக்கும் துணைபோகும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று எழுத்தாளர் தோரோ ஒரு இரவு சிறையில் இருந்தார். அதிலிருந்து பிறந்த கட்டுரையை காந்தி தென்னாப்பிரிக்காவில் படித்து, 1907-ல் இந்தியன் ஒப்பீனியனில் அறிமுகப்படுத்தினார். முதல் சில வருடங்கள் தமிழிலும் வந்த பத்திரிகை அது.

மணியோசை:

எல்லோரும் நம்பிக்கையை வெறும் முகமூடி ஆக்கிவிட்டீர்கள். நான் ஒப்பவில்லை. 1836-ல் மார்கஸ் விட்மன் தம்பதி மலைகளைத் தாண்டி ஆரெகன் நாட்டுக்குப் போனது பருத்திக்காகவோ துறைமுகத்துக்காகவோ அல்ல, கிறிஸ்தவ ஊழியத்துக்காக. வண்டி கட்டிக்கொண்டு 2,000 மைல், காலராவில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு, மேற்கொண்டு நடந்தவர்களை லாபக் கணக்கு மட்டும் நடத்தியிருக்காது. தங்கள் குடியாட்சி உலகத்துக்கே நல்லது என்று மனதார நம்பினார்கள். அந்த நம்பிக்கை இல்லாமல் சாதாரண மனிதர்கள் அண்டை வீட்டாரைத் துரத்துவதைச் சகித்திருக்க மாட்டார்கள். நம்பிக்கை உண்மையாக இருந்ததால்தான் அது அவ்வளவு ஆபத்தாகவும் இருந்தது.

பருத்திப்பூ:

மணியோசை, நம்பிக்கை உண்மையாகவே இருக்கட்டும். அது எங்கே நின்றது என்று பாருங்கள். 1847-ல் அமெரிக்கப் படை மெக்சிகோ நகரத்துக்குள் இருந்தது. முழு நாட்டையும் இணைத்துக்கொள்வோம் என்று ஒரு கூட்டம் கத்தியது. 1848 ஜனவரியில் செனட்டில் எழுந்து மறுத்தவர் தெற்குக் கரோலினாவின் கால்ஹூன். அவர் சொன்ன காரணம், நம்முடையது வெள்ளை இனத்தின் அரசு, இத்தனை கலப்பின மக்களையும் செவ்விந்தியர்களையும் குடிமக்களாகச் சேர்க்க முடியாது என்பது. கடைசியில் ஜனம் நெருக்கமாக வாழ்ந்த தெற்கை விட்டுவிட்டு, குறைவாக இருந்த வடக்கை எடுத்துக்கொண்டார்கள். நிலம் வேண்டும், அதன் மேல் இருந்த மனிதர்கள் வேண்டாம். கடவுள் கொடுத்த கண்டம் ரியோ கிராண்டேயோடு ஏன் முடிந்தது என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கல்நட்டான்:

ஒத்தையடிப்பாதை தம்பிக்கு ஒரு பதில் பாக்கி. கல்லாவுக்கு எவ்வளவு வந்தது என்று நான் பேசவில்லை. காசுக்குப் பதில் நிலத்தைக் கொடுத்துக் காரியம் முடிக்கும் பழக்கத்தைச் சொன்னேன். புரட்சிப் போர் வீரனுக்குச் சம்பளத்துக்குப் பதில் நிலப் பத்திரம். 1862-ல் மாநிலங்களுக்குக் கல்லூரி கட்ட நிலம். அதே வருடம் ரயில் கம்பெனிக்குப் போடும் ஒவ்வொரு மைல் பாதைக்கும் 10 சதுர மைல், 1864-ல் அது 20. எப்படிக் கொடுத்தார்கள்? அதே 1785 கட்டம்தான்: பாதையின் இரு பக்கமும் ஒன்றுவிட்டு ஒன்று. கம்பெனிகள் அதை விற்க ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் விளம்பரம் செய்து ஆள் கூப்பிட்டன. 1869-ல் யூட்டாவில் தண்டவாளம் இணைந்ததற்குப் பின்னால் இந்தக் கட்டங்களும் இருந்தன.

பூர்வகுடிகளுக்கு மிஞ்சிய நிலத்தையும் கட்டம் விடவில்லை. 1887 டாஸ் சட்டப்படி சமூகத்தின் பொது நிலத்தைத் துண்டு போட்டுக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் கொடுத்துவிட்டு, மீதியை 'உபரி' என்று விற்றார்கள். 1887-ல் 13.8 கோடி ஏக்கர் இருந்தது, 1934-ல் 4.8 கோடி. அங்கே போர் எதுவும் நடக்கவில்லை, அளவை மட்டும்தான் நடந்தது. நானும் சங்கிலி இழுத்தவன் என்பதால் இதை லேசாகக் கடந்துபோக முடியவில்லை.

வைகைக்கரை:

பூர்வகுடிகளிடமிருந்து பறித்த பிளாக் ஹில்ஸ் மலைக்காக நடந்த வழக்கு என்ன ஆனது ஐயா? பணம் கொடுத்தார்களா?

கல்நட்டான்:

1868 உடன்படிக்கையில் சூ மக்களுக்கு என்று எழுதிக்கொடுத்த மலை அது. 1874-ல் கஸ்டர் படையோடு போய்த் தங்கம் இருக்கிறது என்று அறிவித்தார். 1877-ல் காங்கிரஸ் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. 1980-ல் உச்ச நீதிமன்றம், எடுத்தது எடுத்ததுதான், ஆனால் நஷ்ட ஈடு கொடு என்றது: 1.71 கோடி டாலரும் 1877 முதலான வட்டியும், சேர்த்துப் 10 கோடிக்கு மேல். சூ மக்கள் வாங்க மறுத்துவிட்டார்கள், மலையைத்தான் கேட்கிறார்கள். பணம் அரசுக் கணக்கில் வட்டியோடு ஏறிக்கொண்டிருக்கிறது.

ஒத்தையடிப்பாதை:

அலாஸ்காவையும் ஹவாயையும் இதே இழையில் இழுத்தால் நீண்டுவிடும். 1867-ல் ரஷ்யாவிடம் 72 லட்சம் டாலருக்கு வாங்கிய கதையைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். துறைமுகத்தான், ஹவாய்க் கரும்புத் தோட்டங்களை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.